ஒரு நூல் விலகியது

ஆய்வேட்டு வேலைகளால் இப்பக்கத்தில் எழுதி நெடுநாளாயிற்று. இது சற்று நீளமான பதிவு. கணினித் துறையில் இல்லாதவர்களும் படிக்கவேண்டும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். துறையிலிருப்பவர்கள் நடுவிலுள்ள சில பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

மட்டாஞ்சேரியில் பஜார் சாலையிலிருந்து யூதர் தெருப் பக்கம் திரும்பும் சந்துகளில் ஒன்றில் மரப்பட்டறை ஒன்று இருக்கிறது. நான் குடியிருக்கும் மாடியறைக்கு அது நான்கு வீடு தள்ளி. காலையில் சுக்கு மண்டியின் காரமும் பட்டறையின் மரத்தூள் வாசமும் கலந்து வந்து எழுப்பிவிடும். பட்டறைக்காரர் நாகர்கோவில் பக்கத்தவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் உளிப்பையுடன் கொச்சிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவருக்கு நான் மக்கா. இத்தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வரும் பழைய அலமாரிகளிலும் மஞ்சங்களிலும் ஏதேனும் ஒரு சட்டம் உடைந்தோ செல்லரித்தோ இருக்கும். அதே பூவேலையுடன் புதிய சட்டம் செய்து பொருத்துவதுதான் அவருடைய தொழில்.

சென்ற ஆண்டு அவருடைய பட்டறையில் ஒரு பழைய சி.என்.சி. செதுக்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. மூடப்பட்ட ஒரு தொழிற்கூடத்திலிருந்து மலிவாக வாங்கியது. இரும்புச் சட்டமும் திருகுத்தண்டும் மோட்டார்களும் நன்றாக இருந்தன. இயக்கும் கணினி மட்டும் இல்லை. இயந்திரக் கட்டுப்பாட்டுக்கான நிகழ்நேர கெர்னல்களின் வேறுபாடுதான் என் ஆய்வுப் பொருள். “நான் செய்து தருகிறேன் அண்ணாச்சி” என்று சொன்னது நானே. அவர் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாரலல் போர்ட் உள்ள பழைய மேசைக்கணினி ஒன்றைத் தேடிப்பிடித்து லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டற்ற மென்பொருளை நிறுவினேன். 1990களில் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கி, பின்னர் தன்னார்வலர்களின் கைக்கு வந்த மென்பொருள் அது. அண்ணாச்சியின் மகன் அதை இரண்டே நாளில் கற்றுக்கொண்டான். கேரளப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக லினக்ஸ்தான் கற்பிக்கப்படுகிறது. அவனுக்கு அத்திரை அந்நியமாக இல்லை. சில மாதங்கள் தேக்கிலும் அயனியிலும் சின்னச் சின்ன வேலைகள் நடந்தன. எனக்குப் பெருமை தாளவில்லை. ஆய்வேட்டில் ‘களப் பயன்பாடு’ என்று ஓர் இயலே எழுதத் தொடங்கியிருந்தேன்.

அதன் பிறகுதான் அந்த ஈட்டிப் பலகை வந்தது. இடிக்கப்பட்ட பழைய வீட்டொன்றின் உத்தரத்திலிருந்து அறுத்தெடுத்த மரம். கறுப்பும் ஊதாவுமாக ரேகை ஓடிய, நான்கடி நீளமான ஒற்றைப் பலகை. கடைக்காரர் கொடுத்தது, மாற்றுப் பலகை கிடையாது. கொடியும் பூவுமாகச் சுற்றி வரும் வேலைப்பாடு. ஒன்பது மணிநேரம் ஓட வேண்டும். ஆறாவது மணிநேரம் வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதன்பின் செதுக்கிய கொடிகள் முன்பு செதுக்கியவற்றுடன் சேரவில்லை. இதழ்களின் விளிம்பை பிட் தின்றிருந்தது.

அண்ணாச்சி இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அடிக்கோலை வைத்துப் பார்த்தார். “ஒரு நூல் விலகியிருக்கு மக்கா” என்றார். தச்சர் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அவர் திட்டவில்லை. பலகையின் மேல் ஒரு சாக்கை விரித்து மூடினார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு என் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மோட்டார்கள் ஸ்டெப்பர் வகை. ஒரு துடிப்பு அனுப்பினால் ஓர் அடி நகரும், அவ்வளவுதான். நகர்ந்ததா இல்லையா என்று கணினிக்குத் திருப்பிச் சொல்லும் ஏற்பாடு அவற்றில் இல்லை. ஒரு முழுச் சுற்றுக்கு 200 அடி. ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்து ஓட்டினால் 1,600 துடிப்பு. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும். ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. நிமிடத்துக்கு 1,800 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும்போது விநாடிக்கு 9,600 துடிப்புகள் போகவேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 104 மைக்ரோ விநாடி. மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இத்துடிப்புகளைக் கணினியே மென்பொருளால் எண்ணி, பாரலல் போர்ட் வழியாக அனுப்பிக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறை கணினி 150 மைக்ரோ விநாடி வேறெங்கோ கவனம் செலுத்திவிட்டால்? ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்கு அது திடீரென்று தடுத்து, மறுகணம் தள்ளிவிட்டதைப் போன்றது. தாங்கினால் தாங்கும், தாங்காவிட்டால் தடுமாறும். ஸ்டெப்பர் மோட்டார் தடுமாறினால் அதன் காந்த அமைப்பின்படி நான்கு முழு அடிகளின் மடங்கில்தான் இடம் தவறும். நான்கு அடி என்பது சுற்றில் ஐம்பதில் ஒரு பங்கு, இங்கே 0.1 மில்லிமீட்டர். ஒருமுறை தவறினால் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மணிநேரத்தில் முப்பது முறைக்கு மேல் தவறினால் ஒரு நூல்.

மறுநாள் மகனிடம் விசாரித்தேன். “ஒரு மெசேஜ் வந்தது சேட்டா, நான் மூடிவிட்டேன்” என்றான். எதிர்பாராத நிகழ்நேரத் தாமதம் ஏற்பட்டுள்ளது என்று லினக்ஸ்சிஎன்சி காட்டும் எச்சரிக்கை அது. ஒருமுறை இயக்கினால் ஒரேயொரு தடவைதான் காட்டும். பிறகு எத்தனை முறை தாமதித்தாலும் வாய் திறக்காது. அவன்மேல் தவறில்லை. அச்செய்தி என்ன சொல்கிறது என்று நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

இனி கெர்னலுக்கு வருகிறேன். கணினியின் நினைவகம், செயலி, சாதனங்கள் ஆகிய அனைத்தையும் பங்கிட்டுக் கொடுக்கும் உள்மையம்தான் கெர்னல். சாதாரண லினக்ஸ் கெர்னல் எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிடப் பார்க்கும். வட்டு, வலையமைப்பு, திரை, சுட்டி என ஒவ்வொன்றும் கதவைத் தட்டும்போது போய்ப் பார்க்கும். மொத்த வேலை அதிகம் நடக்கும். ஆனால் குறித்த வேலை குறித்த கணத்தில் நடக்கும் என்ற உறுதி இல்லை. ‘நிகழ்நேரம்’ என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று. மிக மோசமான நேரத்திலும் இவ்வளவுக்கு மேல் தாமதிக்க மாட்டேன் என்ற வாக்குறுதிதான் நிகழ்நேரம். வைப்பினுக்குப் போகும் ரோ-ரோ படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு இது புரியும். சராசரியாக எத்தனை நிமிடம் என்பது பயணத்துக்குத் திட்டமிட உதவும். நேர்காணலுக்குப் போகிறவருக்கு உதவாது.

லினக்ஸை நிகழ்நேரத்துக்குக் கொண்டுவர இரண்டு பாதைகள் உண்டு. முதலாவது, லினக்ஸுக்குக் கீழே வேறொரு சிறிய கெர்னலை வைப்பது. சாதனங்களின் குறுக்கீடுகள் அனைத்தும் முதலில் அச்சிறிய கெர்னலிடம் போகும். அவசர வேலைகளை அது முடித்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் லினக்ஸ் ஓடும். லினக்ஸே அதன் கண்ணில் மிகக் குறைந்த முன்னுரிமையுள்ள ஒரு வேலை. ‘குறுக்கீடுகளை நிறுத்து’ என்று லினக்ஸ் ஆணையிட்டால்கூட உண்மையில் எதுவும் நிற்காது, நின்றதாக லினக்ஸ் நம்பிக்கொள்ளும். 1990களில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைக்கன் குழுவினர் உருவாக்கிய ஆர்டிலினக்ஸ் இவ்வழியில் முன்னோடி. அம்முறைக்கு 1999இல் அவர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றதும் கட்டற்ற மென்பொருள் உலகில் பெரிய மனக்கசப்பு உண்டாயிற்று. மிலான் பாலிடெக்னிக்கில் பாவ்லோ மாண்டேகாட்சா தொடங்கிய ஆர்டிஏஐ இதே பாதையில் வந்தது. ஃபிலிப் ஜெரூம் 2001இல் தொடங்கிய ஜெனோமாய் சில காலம் ஆர்டிஏஐயுடன் சேர்ந்திருந்து 2005இல் பிரிந்தது. பிரிவுக்குக் காரணம் நோக்கம். ஆர்டிஏஐ தாமதத்தை இயன்ற மட்டும் குறைக்கப் பார்த்தது. ஜெனோமாய் பழைய வணிக நிகழ்நேர அமைப்புகளுக்காக எழுதிய நிரல்களை எளிதில் குடிபெயர்க்கவும், நிரல் பராமரிப்பு தெளிவாக இருக்கவும் விரும்பியது. ஜெனோமாயில் ஒரு கண்ணி உண்டு. அவசர வேலை ஒன்று தவறிப்போய் லினக்ஸின் சாதாரணச் சேவை எதையேனும் அழைத்துவிட்டால், சத்தமில்லாமல் லினக்ஸ் பக்கம் மாற்றப்பட்டு, வாக்குறுதியை இழந்துவிடும். என் ஆய்வில் இரண்டு வாரத்தைத் தின்ற கண்ணி அது.

இரண்டாவது பாதை, லினக்ஸையே திருத்துவது. 2004இல் இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் போன்றோர் தொடங்கிய பிரீஎம்ட்-ஆர்டி. கெர்னலுக்குள் யாரும் இடைமறிக்க முடியாதபடி இருந்த பூட்டுகளை உறங்கக்கூடிய பூட்டுகளாக மாற்றினார்கள். குறுக்கீடுகளுக்கான வேலைகளை வரிசைப்படுத்தக்கூடிய இழைகளாக்கினார்கள். கீழ்நிலை வேலை ஒன்று பூட்டை வைத்திருக்க மேல்நிலை வேலை காத்திருக்க நேர்ந்தால், மேல்நிலையின் முன்னுரிமை தற்காலிகமாகக் கீழ்நிலைக்குக் கடனாகக் கிடைக்கும். இக்கடன் ஏற்பாடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் சான்று. அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் கெர்னலில் அவ்வசதி இருந்தும், குறிப்பிட்ட பூட்டுக்கு அது இயக்கப்படவில்லை. விண்கலக் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயிற்று; பூமியிலிருந்து அதை இயக்கிவைத்துத்தான் சரிசெய்தார்கள்.

பிரீஎம்ட்-ஆர்டி முழுமையாக மூல லினக்ஸுக்குள் நுழைய இருபது ஆண்டுகள் ஆயின. கடைசித் தடையாக நின்றது, கெர்னல் தன் செய்திகளைத் திரைக்கு அச்சிடும் பகுதி என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான். 2024 செப்டம்பரில் வியன்னாவில் கிளைக்ஸ்னர் அக்கோரிக்கையைத் தாளில் அச்சிட்டு, பொன்னிறக் காகிதம் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் வந்த 6.12ஆம் பதிப்பிலிருந்து அது மூல லினக்ஸின் பகுதி. அச்செய்தியில் மயங்கித்தான் அண்ணாச்சியின் கணினியிலும் நான் பிரீஎம்ட்-ஆர்டியை நிறுவினேன். டெபியனில் ஒரே ஆணையில் வந்துவிடும். பத்து நிமிடம் சோதித்தேன். பெருமத் தாமதம் 22 மைக்ரோ விநாடி என்று வந்தது. போதும் என்று எழுந்துவிட்டேன்.

பலகை கெட்ட பிறகு அதே சோதனையை இரவு முழுவதும் ஓடவிட்டேன். இம்முறை கணினியைச் சும்மா வைக்கவில்லை. பென் டிரைவிலிருந்து பெரிய கோப்புகள் நகர்ந்தன, திரையில் காணொளி ஓடியது. பட்டறையில் பகலில் நடப்பது அதுதான், மகன் பாட்டுக் கேட்பான். காலையில் சராசரி 4 மைக்ரோ விநாடி, பெருமம் 168. பயாஸில் மின்சேமிப்பை அணைத்து, செயலியின் ஒரு கருவை இவ்வேலைக்கென ஒதுக்கிய பிறகு 61 ஆகக் குறைந்தது. இதே கணினியில் ஆர்டிஏஐ நிறுவி மற்றோர் இரவு ஓட்டியபோது முதலில் விட்டுவிட்டு ஒரு பெரிய தாமதம் வந்தது. அது எந்தக் கெர்னலின் குற்றமும் அன்று. தாய்ப்பலகையின் பயாஸ், கெர்னலுக்கே தெரியாமல் செயலியைப் பிடுங்கிக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும் ஒரு வழி உண்டு. சில இன்டெல் சிப்செட்டுகளில் அதை அணைக்க முடியும். இது அத்தகையதாக இருந்தது என் அதிர்ஷ்டம். அணைத்த பின் பெருமம் 14.

லினக்ஸ்சிஎன்சி ஆவணங்கள் சொல்லும் அளவுகோல் எளியது. 15, 20 மைக்ரோ விநாடிக்குள் இருந்தால் மென்பொருளால் துடிப்பு அனுப்பலாம், மிக நன்று. 30 முதல் 50 வரை பரவாயில்லை. 100க்கு மேல் போனால் அக்கணினி அவ்வேலைக்கு ஆகாது. 168 என்ற எண்ணை முதல்நாளே பார்த்திருந்தால் அந்த ஈட்டி பிழைத்திருக்கும்.

இங்கேதான் என் ஆய்வேட்டுக்கு அடி விழுந்தது. மூன்றாம் இயலில் மூன்று கெர்னல்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை வைத்திருந்தேன். சராசரித் தாமதம், திட்ட விலக்கம், அழகான வரைபடங்கள். ஆய்வகத்தில் வேறெந்த வேலையும் இல்லாத கணினியில், ஒரு மணிநேர அளவீடு. எண்களில் பிழையில்லை, அவற்றைக் கொண்டு நான் எழுதிய முடிவில்தான் பிழை. ‘நடைமுறையில் மூன்றுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதியிருந்தேன். சராசரியில் இல்லைதான். ஆனால் மோட்டார் சராசரியில் ஓடுவதில்லை. பத்து கோடித் துடிப்புகளில் மிக மோசமான அந்த ஒன்றில்தான் தடுமாறுகிறது. நெறியாளரிடம் போய்ச் சொன்னேன். அந்த இயல் ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் சற்று நேரம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “எத்தனை மாதம் ஆகும்?” என்று மட்டும் கேட்டார். நான்கு மாதம் என்றேன். உதவித்தொகை இரண்டு மாதத்தில் முடிகிறது.

பட்டறைக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஆர்டிஏஐ போட்டால் இன்றே சிக்கல் தீரும். ஆனால் அது குறிப்பிட்ட சில கெர்னல் பதிப்புகளுக்கு மட்டுமே தனியாகத் திருத்திக் கட்டப்படுவது. பராமரிப்பவர்கள் சிலரே. புதிய கணினிக்கு மாற நேர்ந்தால் அதன் சாதனங்களை அப்பழைய கெர்னல் அடையாளம் காணாமல் போகலாம். மற்றொரு வழி, துடிப்பு எண்ணும் வேலையைக் கணினியிடமிருந்து பறித்துத் தனி எஃப்.பி.ஜி.ஏ. அட்டைக்குக் கொடுப்பது. அப்போது கணினி ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை ‘இந்த வேகத்தில் போ’ என்று சொன்னால் போதும். துல்லியம் அட்டையின் பொறுப்பு. ஆயிரம் மைக்ரோ விநாடி இடைவெளியில் 61 தாமதித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. பிரீஎம்ட்-ஆர்டி தாராளமாகப் போதும். ஆனால் அட்டையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், பணம் வேண்டும்.

இரண்டையும் அண்ணாச்சிக்கு விளக்கினேன். மைக்ரோ விநாடிக் கணக்கெல்லாம் சொன்னேன். இழைப்புளியின் அலகைத் தீட்டிக்கொண்டே கேட்டார். முடிவில், “படிப்பு முடிஞ்சா நீ எங்க போவ மக்கா?” என்றார்.

தெரியவில்லை என்றேன்.

“அப்ப நீ போன பொறவு எவனுக்குத் தெரியுமோ அதப் போடு. இவனுக்கும் தெரியணும்” என்று மகனைக் காட்டினார்.

இக்கேள்வி என் ஒப்பீட்டு அட்டவணையில் எந்தப் பத்தியிலும் இல்லை. தாமதத்தை அளந்தேன், நினைவகத்தை அளந்தேன், நிறுவுவது எளிதா என்றும் எழுதினேன். ஐந்து ஆண்டு கழித்து இதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் மட்டாஞ்சேரியில் இருப்பாரா என்று கேட்டதில்லை. இருபது ஆண்டுகள் வெளியே நின்ற பிரீஎம்ட்-ஆர்டி மூல லினக்ஸுக்குள் வந்ததன் உண்மையான பொருள் இதுதானோ என்று இப்போது தோன்றுகிறது. தாமதம் குறைந்தது பெரிதன்று. இனி அதைக் கவனித்துக்கொள்வது ஒருசிலரின் தனிப்பொறுப்பாக இல்லை. நானோ மூன்று ஆண்டுகளாக மைக்ரோ விநாடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அட்டை என்று முடிவாயிற்று. அது வரும்வரை ஆர்டிஏஐயை வலை இணைப்பில்லாமல் ஓட்டுகிறோம். வேகத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறோம். பாதி வேகத்தில் துடிப்புகளின் இடைவெளி இரட்டிப்பாகிறது, மோட்டாருக்கும் சுமை தாங்கும் ஆற்றல் கூடுகிறது. தாமத எச்சரிக்கை வந்தால் உடனே நிறுத்திவிட்டு என்னை அழைக்கவேண்டும் என்று மலையாளத்தில் பெரிய எழுத்தில் எழுதித் திரையின் மேல் மகன் ஒட்டியிருக்கிறான். விலகிய கொடிகளை அண்ணாச்சி கையுளியால் திருத்தினார். பதினோரு நாள் ஆயிற்று. இரண்டு இதழ்களைச் சற்று மெலிதாக்கி, ஒரு மொட்டைப் புதிதாகச் சேர்த்து, விலகல் தெரியாதபடி கொடியை வளைத்துவிட்டார். கடைக்காரர் எடுத்துக்கொண்டார். அந்தப் பதினோரு நாள் கூலியை யாரும் கொடுக்கவில்லை. நான் நீட்டியதை அவர் வாங்கவில்லை. அட்டைக்கு வைத்துக்கொள் என்றார்.

மூன்றாம் இயலுக்கான புதிய அளவீடுகள் தொடங்கிவிட்டன. ஒவ்வொரு கெர்னலுக்கும் ஏழு நாள், சுமையுடன். இதை எழுதும்போது ஜெனோமாய் மூன்றாம் நாளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருமம் இதுவரை 19.

ஒரு வேண்டுகோள். பாரலல் போர்ட் உள்ள பழைய தாய்ப்பலகைகள் யாரிடமேனும் பயன்படாமல் கிடந்தால் சொல்லுங்கள். எந்த நிறுவனத் தயாரிப்பானாலும் சரி. ஒரே கணினியில் அளந்துவிட்டு எல்லாக் கணினிக்கும் முடிவு எழுதும் தவற்றை இன்னொரு முறை செய்ய விரும்பவில்லை. கொச்சி, கோவை, நாகர்கோவில் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.